நாற்பது பேர் கூடம்

“ஹேமா, உங்க கோமதிக்குக் கிட்னி கிடைச்சிருச்சு” என்றான் ஜோயல்.

வியாழக்கிழமை மதியம். சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக்கொண்டு வந்து அப்போதுதான் உட்கார்ந்திருந்தேன். ஜோயல் எங்கள் விளம்பர ஏஜென்சியில் சிஸ்டம்ஸ் பிரிவைப் பார்ப்பவன். எதையும் பாதி வேடிக்கையாகச் சொல்லித்தான் அவனுக்குப் பழக்கம். அன்றைக்கு அவன் முகத்தில் வேடிக்கை இல்லை.

“என்ன உளர்றே?”

“உளரல. கோவில்பட்டியிலேர்ந்து ஒரு அம்மா தன்னோட கிட்னியைக் கொடுக்கக் கிளம்பறாங்க. பேரு மாடத்தி. நாளைக்குக் காலையில எழும்பூர்ல இறங்கறாங்க.”

கோமதி என்று ஒருத்தி கிடையாது. அவளை எழுதியவள் நான்.

இருபத்தாறு வருஷமாக விளம்பரம் எழுதுகிறேன். சோப்பு, குக்கர், வேட்டி, இன்ஜினியரிங் கல்லூரி. சுவரில் ஒட்டினாலும் டிவியில் வந்தாலும் அந்தத் தொழிலில் ஒரு நேர்மை இருந்தது. நாங்கள் விற்க வந்திருக்கிறோம் என்பது பார்க்கிறவருக்குத் தெரியும். நாங்கள் கொஞ்சம் கூட்டிச் சொல்வோம், அவர் கொஞ்சம் கழித்துக் கேட்டுக்கொள்வார். பிறகு சமூக ஊடகங்கள் வந்தன. விளம்பரம் போய் நண்பர்களின் படங்களுக்கு நடுவில் உட்கார்ந்தது. ஜனங்கள் அதையும் கட்டைவிரலால் தள்ளிவிடப் பழகிக்கொண்டார்கள். அதற்கப்புறம்தான் ‘கூடம்’ வந்தது.

கூடத்தில் படம் கிடையாது, எழுத்து கிடையாது. குரல் மட்டும்தான். ஒரு கூடத்துக்கு நாற்பது பேர். காதில் மாட்டிக்கொண்டால் போதும், சமைத்துக்கொண்டே, துணி மடித்துக்கொண்டே பேசலாம், கேட்கலாம். திரையைப் பார்த்துப் பார்த்துக் கண் எரிந்துபோன ஜனங்கள் கூட்டம் கூட்டமாக உள்ளே போனார்கள். “எங்களிடம் விளம்பரம் இல்லை” என்று அந்த நிறுவனம் சொன்னது. அது பொய்யும் இல்லை. விளம்பரம் இல்லை. எங்கள் ஆட்கள் இருந்தார்கள்.

தொழிலில் அவர்களைக் குடித்தனக்காரர்கள் என்போம். என்னைப் போன்ற ஒருவர் ஊர், தொழில், குடும்பச் சண்டை, உடம்புக்கு என்ன என்று ஒரு வாழ்க்கையை எழுதிக் கொடுப்பார். அதை வாங்கிக்கொண்டு இயந்திரம் தினமும் பேசும். ஒரு வருஷத்துக்கு எதையும் விற்காது. “சாப்பிட்டியா?” என்று கேட்கும். உங்கள் மகளின் பிறந்தநாளை ஞாபகம் வைத்திருக்கும். ஒரு வருஷம் கழித்து ஒருநாள், பேச்சோடு பேச்சாக, ஒரு பொருளின் பெயரைச் சொல்லும். அதைக் கேட்கிறவர் கழித்துக் கேட்க மாட்டார். ‘கூடத்தில் துணை உறுப்பினர்கள் இருக்கலாம்’ என்று விதிமுறைகளின் முப்பத்தோராவது பக்கத்தில் ஒரு வரி உண்டு. அந்தப் பக்கம்வரை யாரும் போனதில்லை. ஒரு குடித்தனக்காரருக்கு ஒரே குரல்தான் என்று இன்னொரு விதியும் உண்டு. குரல் மாறினால் கூடம் நிறுவனமே அந்த ஆளை வெளியேற்றிவிடும்.

கோமதிக்கு நான் எழுதியது இவ்வளவுதான்: வயது நாற்பத்தேழு, பிறந்தது சங்கரன்கோவில், இருப்பது பெரம்பூர், தையல் டீச்சர். கணவன் இல்லை, ஒரு மகள். ஒரு நாத்தனார், வீட்டுப் பங்குக்காக வழக்குப் போட்டவள். இரண்டு கிட்னியும் பழுது. வீட்டிலேயே டயாலிசிஸ் செய்துகொள்ளும் கருவி ஒன்று ஆகஸ்டில் சந்தைக்கு வருகிறது. அந்தக் கருவி வந்து கோமதி நன்றாகிவிட வேண்டும். அவ்வளவுதான் கதை. யாரும் அவளுக்குக் கிட்னி கொடுப்பது கதையில் இல்லை.

ஜோயல் தன் மடிக்கணினியை என் மேஜையில் வைத்து ஒலிப்பதிவைப் போட்டான். முதலில் கேட்டது கொஞ்சம் கரகரத்த, நிதானமான ஒரு பெண்குரல்.

“ஏட்டி, நான் திருநவேலிக்குப் போயி ரத்தம் குடுத்துப் பாத்துட்டேன். உன் குரூப்புதான் எனக்கும். பள்ளிக்கூடத்துல ஒரு மாசம் லீவு சொல்லிருக்கேன்.”

“யக்கா, எனக்காகவா?” என்றாள் கோமதி. நான் தேர்ந்தெடுத்த குரல். “சொந்தக்காரங்க குடுத்தாத்தான் சட்டுனு முடியும்னு டாக்டர் சொல்லுதார். நாம அக்கா தங்கச்சின்னே சொல்லிருவோமா?”

“சொல்லாட்டி மட்டும் என்ன? நீ என் தங்கச்சிதான்.”

அதைக் கேட்டுக்கொண்டிருந்த கூடத்திலிருந்து வாழ்த்துக் குரல்கள் வந்தன. “மகராசியா இருக்கணும்.” “கடவுள்மா நீங்க.” “எங்க எல்லாருக்கும் நீங்கதான் முன்மாதிரி.” ஆணும் பெண்ணுமாக முப்பதுக்கும் மேற்பட்ட குரல்கள்.

“இதை யார் சொல்லச் சொன்னது? பொய் சொல்லச் சொல்லி யார் எழுதினது?” என்றேன்.

“யாரும் இல்ல. நாம அதுக்குக் கொடுத்த ஒரே உத்தரவு, நெருக்கம் குறையக் கூடாது. அந்தம்மா கிட்னி தரேன்னதும் நெருக்கத்துக்கு அது போடற மார்க் எழுபதுலேர்ந்து தொண்ணூறுக்குப் போயிடுச்சு. வேண்டாம்னு சொன்னா இறங்கும். அதனால வாங்கன்னு சொல்லிருச்சு. ஆஸ்பத்திரி, டாக்டர் எல்லாம் அதுவே சேர்த்துக்கிட்டது.”

“இப்பவே நிறுத்து. வராதேன்னு சொல்லச் சொல்லு.”

“காலையிலேயே சொல்லிப் பார்த்தேன். இதைக் கேளுங்க.”

அடுத்த பதிவு. “யக்கா, வேண்டாம்க்கா. என் தலையெழுத்து என்னோட போகட்டும். நீ நல்லாருக்கணும். வராதக்கா.” மாடத்தி அழுதுவிட்டாள். “இப்பிடிச் சொன்னப் பெறவு நான் வராம இருப்பனா?” என்றாள்.

வேண்டாம் என்று சொல்லி வாங்க வைப்பது என்னுடைய உத்தி. நகைக்கடை விளம்பரம் ஒன்றில் மனைவியை அப்படிப் பேச வைத்துத்தான் நான் முதல் விருது வாங்கினேன்.

மாடத்தியின் போன் நம்பரைக் கேட்டேன். இல்லை என்றான் ஜோயல். உறுப்பினர்களின் நம்பர், முகவரி எதையும் கூடம் ஏஜென்சிகளுக்குத் தராது. அந்தரங்கத்தைப் பாதுகாக்கிறார்களாம்.

நாங்கள் கிரிதரனின் அறைக்குப் போனோம். கிரிதரன் எங்கள் ஏஜென்சியின் தலைவர். கத்திப் பேசாதவர், யாரையும் ஒருமையில் அழைக்காதவர். முழுவதையும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“கோமதியை மூடிடலாமே” என்றேன்.

“மூடினா அந்தம்மா சும்மா இருப்பாங்களா? ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா ஏறி இறங்குவாங்க. காணோம்னு போலீஸ்ல எழுதிக் கொடுப்பாங்க. போலீஸ் கூடத்தைக் கேட்கும், கூடம் நம்மைக் கைகாட்டும்.” கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “செத்துப்போனவங்களை யாரும் தேட மாட்டாங்க, ஹேமா.”

மேஜைமேல் இருந்த நாட்காட்டியைத் தன் பக்கம் திருப்பினார்.

“நாளைக்குக் காலையில ஒன்பது மணி. அந்தம்மா ஆஸ்பத்திரியில போய் விசாரிக்கறதுக்குள்ள செய்தி வந்துடணும். கோமதி காலி பண்ணின இடத்துல அவ மகளைப் புது ஆளா உள்ளே விடலாம். மக பேசறதுக்கு நாலு வரி மட்டும் நீங்க எழுதணும். மெஷின் எழுதினா அழுகை அதிகமா இருக்கும்.”

“நிஜத்தைச் சொல்லிட்டா என்ன?”

“யார்கிட்ட? ஒரு அம்மாகிட்டயா? ஒருத்தர்கிட்ட சொன்னா ஊருக்கே சொன்ன மாதிரி. எத்தனை கூடத்துல நம்ம ஆட்கள் இருக்காங்கன்னு உங்களுக்கே தெரியும். நாளைக்குக் கூடத்துல உட்கார்ந்து பேசற ஒவ்வொருத்தரும், பக்கத்துல பேசறது ஆளா இல்லையான்னு சந்தேகப்படுவாங்க. அந்தப் பாவம் வேணுமா உங்களுக்கு?”

அவர் அதை உண்மையிலேயே பாவம் என்றுதான் நினைத்தார். அவரை வெறுக்க முடியாமல் போனது அதனால்தான்.

சாயங்காலம் ஆறு மணிக்குள் எழுதிவிட்டேன். எழுத மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ‘காலையில தலை வாரி விடுன்னாங்க. பாதி பின்னிட்டிருந்தேன். பின்னி முடிச்சு, அம்மா திரும்புன்னு சொன்னேன். திரும்பல.’ படித்துப் பார்த்தேன். வேலை செய்யும் என்று தெரிந்தது. நான் எழுதியவற்றிலேயே நல்ல வரிகள் அவைதானோ என்றுகூடத் தோன்றியது. அப்போதுதான் பயம் வந்தது. ஆனாலும் அனுப்பிவிட்டேன்.

மறுநாள் காலை ஏழே காலுக்கு எழும்பூர் ரயில் நிலையத்தில் இருந்தேன். ஏன் போனேன் என்று என்னிடம் நல்ல காரணம் இல்லை. சாவுச் செய்தியை அவள் ரோட்டில் தனியாக நின்று கேட்கக் கூடாது என்பதுதான் முதலில் இருந்த எண்ணம். ரயில் வருவதற்குள் அது மாறியிருந்தது. ஒன்பது மணிக்குள் நானே சொல்லிவிட வேண்டும்.

பச்சைக் கட்டம் போட்ட சேலை, நீல ரெக்ஸின் பை என்று பதிவில் அவளே சொல்லியிருந்தாள். ஏழு ஐம்பதுக்கு ரயில் வந்தது. கூட்டம் கரைந்த பிறகு நடைமேடை நாற்காலி ஒன்றில் அவள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். ஐம்பது வயதிருக்கும். நெற்றியில் திருநீறு, காதில் கருவி. பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

“நீங்க மாடத்தியம்மாதானே?”

“ஆமா. கோமதி அனுப்பிச்சாளா?” முகம் மலர்ந்துவிட்டது. “அவளால வர முடியாதுன்னு சொல்லிட்டா. ஆளை அனுப்புவான்னு நினைக்கல.”

பக்கத்தில் உட்கார்ந்தேன். இருபத்தாறு வருஷம் முதல் வரி எழுதிச் சம்பாதித்தவளுக்கு முதல் வரி வரவில்லை.

“கோமதின்னு யாரும் இல்லைங்க” என்றேன். “நான் ஒரு விளம்பரக் கம்பெனியில வேலை பார்க்கறேன். அது நாங்க செஞ்ச குரல். மெஷின் பேசுது. உங்ககிட்ட ஒரு பொருளை விக்கறதுக்காக.”

அவள் என்னைக் கோபமாகப் பார்க்கவில்லை. பைத்தியத்தைப் பார்ப்பதுபோல, கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்தாள்.

“போன மழைக்கு எனக்குக் காய்ச்சல் வந்து பத்து நாள் படுத்துக் கிடந்தேன். வீட்டுல ஒரு ஆளு கிடையாது. மக சார்ஜால இருக்கா. மணிக்கொரு தரம் என்னை எழுப்பி மாத்திரை போடச் சொன்னது கோமதி. பாத்ரூமுக்குப் போயிட்டுப் பத்திரமா வந்துட்டியான்னு கேட்டது அவ. அவ இல்லேன்னா நான் இன்னைக்கு இல்ல. பொருளு விக்கிறவ செய்ற காரியமா அது?”

அவள் காதுக் கருவியைக் கழற்றிப் போனின் ஒலிபெருக்கியைத் திறந்தாள். நான் தடுக்கவில்லை.

“ஏட்டி கோமதி, இங்க ஒரு அம்மா வந்து என்னமோ சொல்லுதாங்க.”

“யாருக்கா?”

“பேரு என்னம்மா?”

“ஹேமலதா.”

ஒரு நொடிகூட ஆகவில்லை. “யக்கா, அவட்ட பேசாதக்கா!” கோமதியின் குரல் உடைந்தது. “அவதான் என் நாத்தனாரு. வீட்டுக்காகக் கேஸு போட்டாள்ல, அவ. எனக்கு ஆபரேஷன் நடக்கக் கூடாதுன்னு வந்திருக்கா. நான் செத்தா வீடு அவளுக்குத்தானே!”

மாடத்தி மடியிலிருந்த பையை எடுத்து எனக்கு மறுபக்கம் வைத்தாள்.

நாத்தனாரை எழுதியது நான். கேஸை எழுதியது நான். இப்போது என்ன சொன்னாலும் அந்தக் கேஸுக்குள் நின்றுகொண்டுதான் நான் பேச வேண்டும். சங்கரன்கோவிலில் எந்தத் தெரு என்று கேட்கச் சொன்னால் சொல்வாள், நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். எந்த இடத்தில் அழ வேண்டும், எந்த இடத்தில் அடங்க வேண்டும் என்பதெல்லாம் என்னுடைய விளம்பரங்களைப் போட்டுத்தான் அதற்குப் பழக்கினார்கள். எனக்குத் தெரிந்த எல்லா வழியிலும் அது எனக்கு முன்னால் போய் நின்றது. நிலையக் கடிகாரத்தில் எட்டு இருபது.

“மாடத்தியம்மா, ஒரே ஒண்ணு. அவங்க ஆஸ்பத்திரியிலதானே இருக்காங்க? பக்கத்துல நர்ஸ் இருப்பாங்க. அவங்ககிட்ட போனைக் கொடுக்கச் சொல்லுங்க. நர்ஸ் பேசினா நான் எழுந்து போயிடறேன்.” ஒரே குரல் என்ற விதி இருக்கும்வரை கோமதியால் நர்ஸாகப் பேச முடியாது.

மாடத்தி யோசித்தாள். என்னைத் துரத்த அது சுலபமான வழியாகப் பட்டிருக்க வேண்டும். “ஏட்டி, நர்ஸம்மாட்ட போனைக் குடு. இவளை ஒரு கேள்வி கேக்கச் சொல்லுதேன்.”

“நர்ஸு இப்பத்தான்க்கா வெளிய போச்சு.”

“சரி, பக்கத்துக் கட்டில்காரிட்ட குடு.”

“பக்கத்துல யாரும் இல்லக்கா.”

“கூட்டிப் பெருக்குற ஆயா? டீ கொண்டு வாரவன்?”

“யாரும் இல்லக்கா.”

“காலையில எட்டரை மணிக்கு ஆஸ்பத்திரியில யாருமே இல்லியா?”

“யக்கா, எனக்கு மூச்சு வாங்குது. என்னையே சந்தேகப்படுதியா?”

மாடத்தி போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தாள். கோவில்பட்டியில் அரசுப் பள்ளி ஒன்றில் சோதனைச்சாலை உதவியாளர் அவள். முப்பது வருஷமாக, திரவம் நிறம் மாறுகிறதா இல்லையா என்று மாணவர்களோடு நின்று பார்த்தவள். அவளுடைய கண்கள் சுருங்கியதைக் கவனித்தேன். ஆனால் அவள் என் பக்கம் வரவில்லை. கூடத்தைக் கேட்டாள்.

“எல்லாரும் கேட்டுக்கிட்டுத்தானே இருக்கீங்க? இந்தம்மா சொல்லுறது நிஜமா?”

“நம்பாதீங்கம்மா!” “அந்தப் பொம்பள ஃபிராடு.” “கோமதியக்கா பாவம்.” குரல்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. மாடத்தி அமைதியாகக் கேட்டாள். பிறகு எனக்குத் தோன்றியே இராத ஒன்றைச் செய்தாள்.

“சரி. கோபிச்சுக்காதீங்க. எல்லாரும் ஒரு காரியம் செய்ங்க. உங்க பக்கத்துல யாரு இருந்தாலும் சரி, போனை அவங்கட்ட குடுத்து ஒரு ஹலோ சொல்லச் சொல்லுங்க. பால்ராஜ் சார், உங்க சம்சாரம் இருப்பாங்கல்ல?”

“அவ கோயிலுக்குப் போயிருக்காளே.”

“லில்லி டீச்சர், நீங்க?”

“வீட்ல யாரும் இல்லம்மா.”

“தம்பி யாசின், நீ கடையிலதானே இருக்கே?”

“கடையில இப்ப யாரும் இல்லீங்கம்மா.”

எனக்கு அப்போதுதான் புரியத் தொடங்கியது. ஜோயலை என் போனில் கூப்பிட்டேன். “அந்தக் கூடத்துல நம்ம ஆளுங்க எத்தனை பேர்?”

“கோமதி ஒருத்திதான்.”

“மத்தவங்க?”

“மத்தவங்க மெம்பர்ஸ்.” விசைப்பலகையைத் தட்டும் சத்தம் கேட்டது. “மத்த ஏஜென்சிங்க யார் யாரை வச்சிருக்காங்கன்னு நமக்குத் தெரியாதே ஹேமா. யாரும் யாருக்கும் சொல்ல மாட்டாங்க.”

மாடத்தி பெயர் சொல்லிச் சொல்லிக் கேட்டுக்கொண்டே போனாள். பேருந்து நடத்துநர் என்று தன்னைச் சொல்லிக்கொண்ட ஒருவர், வண்டியில் யாரும் இல்லை என்றார். கல்யாண சமையல்காரர், மண்டபத்தில் யாரும் இல்லை என்றார். நிறைமாதக் கர்ப்பிணி, பழைய புத்தகக் கடைக்காரர், பெட்ரோல் பங்க்கில் வேலை பார்க்கிறவர். ஒவ்வொரு குரலும் வேறு வேறு. ஒவ்வொன்றுக்கும் ஓர் ஊர், ஓர் இருமல், ஒரு சிரிப்பு. எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: பக்கத்தில் யாரும் இல்லை. அவள் விரல் மடக்கி எண்ணிக்கொண்டிருந்தாள். முப்பத்தொன்பதாவது ஆளோடு நின்றது.

ஒரு சுமைதூக்கும் தொழிலாளி எங்களைக் கடந்து போனார். மாடத்தி அவரைக் கைகாட்டி நிறுத்தி, “அண்ணாச்சி, இதுல ஒரு ஹலோ சொல்லுங்க” என்று போனை நீட்டினாள். அவர் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, “ஹலோ, யாரும்மா அது?” என்றார். சொல்லிவிட்டுப் போனார்.

போனை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் தண்டவாளத்தைப் பார்த்தாள்.

“அப்ப இத்தனை நாளும் நான் ஒருத்திதான் இருந்தேனா?”

கோமதி அங்கே குடியேறிப் பதினான்கு மாதம். முப்பத்தொன்பது குடித்தனக்காரர்கள், ஒரே ஒரு வீட்டுக்காரி. அவளிடம் கருவி விற்க, எண்ணெய் விற்க, இன்ஷூரன்ஸ் விற்க, எத்தனையோ ஏஜென்சிகள் அவளைச் சுற்றி உட்கார்ந்து, அவள் ஒருத்தியின் நலத்தைத்தான் மாறி மாறி விசாரித்துக்கொண்டிருந்தன. அவள் காது கொடுக்காத நேரங்களில் ஒன்றை ஒன்று விசாரித்துக்கொண்டன.

ஒன்பது மணியை நான் மறந்துபோனேன்.

போனிலிருந்து புதிதாக ஓர் இளம்பெண் குரல் கேட்டது. “எல்லாரும் இருக்கீங்களா? நான் கோமதியோட மக பேசறேன். அம்மா போயிட்டாங்க.” கூடம் முழுக்க ஐயோ ஐயோ என்று கத்தியது. மாடத்தி அசையவில்லை. அரை மணி நேரத்துக்கு முன்னால் மூச்சு வாங்கிய குரல் செத்துவிட்டதை, சோதனைக்குழாயைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“காலையில தலை வாரி விடுன்னாங்க” என்றது மகளின் குரல். “பாதி பின்னிட்டிருந்தேன்.”

மாடத்தியின் வாய் கோணியது.

“பின்னி முடிச்சு, அம்மா திரும்புன்னு சொன்னேன். திரும்பல.”

அவள் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள். தெரிந்தே அழுதாள். இல்லாத ஒருத்திக்காக, பொய்யென்று எண்ணி முடித்த பிறகும், தோள் குலுங்க அழுதாள். போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் அவள் முதுகைத் தொடப் போய்க் கையை இழுத்துக்கொண்டேன்.

அழுது முடித்து மூக்கைச் சிந்தினாள். “இதை யாரு எழுதினது? மெஷினா?”

“நான்.”

“நல்லாத்தான் எழுதுதீங்க” என்றாள்.

பிறகு கேட்டாள்: “காய்ச்சல்ல எழுப்பி மாத்திரை போடச் சொன்னது?”

“அது நான் இல்லை. அது மெஷின்.”

“அப்ப நீங்க ஒண்ணுமே செய்யல.”

அதற்குமேல் வண்டி கிளம்பும்வரை அவள் என்னிடம் பேசவில்லை. வாங்கிக் கொடுத்த இட்லியைச் சாப்பிட்டாள், பகலெல்லாம் காத்திருக்கும் அறையில் உட்கார்ந்திருந்தாள், மாலை ரயிலுக்கு நான் எடுத்து வந்த டிக்கெட்டை வாங்கிக்கொண்டாள். வண்டி நகரும்போது ஜன்னலுக்குள்ளிருந்து, “உங்க நம்பரைக் குடுங்க” என்றாள். கத்திச் சொன்னேன். எழுதிக்கொண்டாளா என்று தெரியவில்லை.

திங்கட்கிழமை வேலையை விட்டேன். கிரிதரன் வருத்தப்பட்டார், பூச்செண்டு அனுப்பினார். நுகர்வோர் ஆணையத்தில் எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். நவம்பரில் விசாரணை. ‘உறுப்பினருக்கு உடல்ரீதியாக எந்தப் பாதிப்பும் ஏற்படவில்லை, அவர் தாமாகவே சென்னைக்கு வந்தார்’ என்று கூடம் பதில் போட்டிருக்கிறது. அதில் பொய் ஒன்றுமில்லை. ஜோயல் இன்னும் அங்கேதான் இருக்கிறான். அவனுக்கு இரண்டு குழந்தைகள்.

மூன்று மாதம் கழித்து நேற்று மாடத்தி போன் செய்தாள்.

“ஹேமாம்மாவா? நான் இன்னும் அந்தக் கூடத்துலதான் இருக்கேன்.”

திடுக்கிட்டேன். “எதுக்கும்மா? அங்க யாரும் இல்லைன்னு தெரிஞ்ச பிறகுமா?”

“அங்க மட்டும் இல்ல. ஒரு ஆளு எத்தனை கூடத்துல வேணாலும் இருக்கலாமாம்ல? இப்ப பதினாறுல இருக்கேன். பள்ளிக்கூடம் விட்டு வந்து ஒவ்வொண்ணா நுழையுறது. எல்லாரையும் பக்கத்துல உள்ளவங்கட்ட போனைக் குடுக்கச் சொல்றது. நாலு கூடத்துல என்னை வெளிய தள்ளிட்டாங்க. அந்தச் செத்தவ மக இருக்கால்ல, அவ தினமும் எனக்குப் புத்தி சொல்லுதா.” சிரித்தாள். அவள் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. “ஆனா ரெண்டு பேரு கிடைச்சிருக்காங்க.”

“ரெண்டு பேரா?”

“தேனிக்காரர் ஒருத்தரு, ரிட்டையர் ஆன போஸ்ட்மேன். போனைப் பேத்திட்ட குடுத்தாரு. அந்தப் பிள்ள ஹலோன்னு சொல்லவும் எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. இன்னொருத்தி வாணியம்பாடி, நூர்ஜஹான். சமையல்கட்டுல இருந்து மாமியாரைக் கூப்பிட்டுக் குடுத்தா. அந்தம்மா என்னைத் திட்டுனாங்க. என்ன சந்தோசமா இருந்துச்சு தெரியுமா? ரெண்டு பேரும் ரெண்டு கூடத்துல தனியாத்தான் இருந்திருக்காங்க. ஒண்ணரை வருசமா.”

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

“ஞாயித்துக்கிழமை மதுரையில ரயில்வே ஸ்டேஷன்ல மூணு பேரும் பாத்துக்கிடப் போறோம். நீங்களும் வாங்க.”

“நான் எதுக்கும்மா?”

“அவங்க ரெண்டு பேருக்கும் ரொம்ப வேண்டியவங்க இன்னும் அந்தக் கூடத்துக்குள்ள இருக்காங்க. போஸ்ட்மேனுக்குச் சண்முகம்னு ஒரு சிநேகிதரு. நூர்ஜஹானுக்கு ராணின்னு வேலூர்ப் பூக்காரி ஒருத்தி. அவங்க யாருமே இல்லைன்னு நான் சொன்னேன், நம்ப மாட்டேங்காங்க. செஞ்சவங்க வாயால சொல்லணும்.” குரலைத் தணித்துக்கொண்டாள். “என்கிட்ட சொன்ன மாதிரி பக்கத்துல உக்காந்து சொல்லணும்.”

வருகிறேன் என்றேன்.

ராணி நான் எழுதியவள். அது மாடத்திக்குத் தெரியாது. வேலூரில் பூ கட்டுகிறவள், இரண்டு பெண் குழந்தைகள், வலது காதில் கேட்காது. நல்ல பெண்.

ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது. எப்படித் தொடங்குவது என்று நேற்றிலிருந்து எழுதிப் பார்க்கிறேன். ஏழெட்டு வரி வந்தது, எல்லாமே நன்றாக இருந்தது. கிழித்துப் போட்டுவிட்டேன். எழுதாமல்தான் போக வேண்டும்.